பத்து ராத்தல் வெள்ளி: சர்கம்செல்லியன்களைப் பத்தி எதிரிங்க எழுதி வச்சது

கிபி 412 ஜனவரி 30ம் தேதி ஹொனோரியஸ் பேரரசர் பேர்ல ஒரு சட்டம் வருது. வட ஆப்பிரிக்காவுல கத்தோலிக்க சபையிலேர்ந்து பிரிஞ்சு போன டோனட்டிஸ்ட் சபையில இருக்கறவங்க எல்லாரும் அதை விட்டுட்டு கத்தோலிக்க சபைக்கு வந்துடணும், வரலைன்னா அபராதம். அபராதம் ஆளோட அந்தஸ்தைப் பொறுத்து. உச்சத்துல இருக்கற பெரிய மனுஷன்னா 50 ராத்தல் தங்கம், அடுத்த படிக்கு 40, செனட்டருக்கு 30, இப்படியே இறங்கி வந்து ஊர் மன்ற உறுப்பினர், வியாபாரி, சாதாரண குடிமகன் மூணு பேருக்கும் ஆளுக்கு 5 ராத்தல் தங்கம். அதுக்குக் கீழ ஒரு வரி: சர்கம்செல்லியன்களுக்கு, அதாவது டோனட்டிஸ்ட் பக்கம் இருந்த கிராமத்துக் கும்பல்களுக்கு, 10 ராத்தல் வெள்ளி. அதுக்கும் கீழ இருக்கற அடிமைக்கும் குத்தகைக் குடியானவனுக்கும் அபராதமே கிடையாது, அடிமைக்கு எஜமான் புத்தி சொல்லணும், குடியானவனுக்கு புத்தி வர்ற வரைக்கும் அடி.

அந்த சர்கம்செல்லியன் வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கறேன். ஏன்னா இதே ஆளுங்களைப் பத்தி ஹிப்போ நகரத்து பிஷப் அகஸ்டின் ஒரு விளக்கம் குடுத்திருக்காரு, அதோட சாரம் இது: உருப்படியான வேலை எதையும் தொடாத கூட்டம், அடுத்தவனைச் சாகடிக்கறதுல மகா கொடூரம், தன் உயிரை மயிராக் கூட மதிக்காது, வயக்காட்டுப் பக்கம் ஜனங்களை மிரட்டிக்கிட்டுத் திரியும் ஆனா வயல்ல இறங்கி வேலை செய்யாது, சோத்துக்காக கிராமத்து அறைகளைச் சுத்திச் சுத்தி வரும், அதனாலதான் அந்தப் பேரே (லத்தீன்ல அறைகளைச் சுத்தறவங்கன்னு அர்த்தம்) வந்துச்சு. சரி, அப்படி ஓசிச் சோத்துக்கு அலையற கூட்டத்துகிட்ட 10 ராத்தல் வெள்ளி எங்கேர்ந்து வரும்? இன்னைக்கு எடையில மூணேகால் கிலோ. 397ல அரசாங்கம் வச்ச ரேட்டு ராத்தலுக்கு 5 சொலிடஸ், அப்போ ஆளுக்கு 50 தங்கக் காசு. குடிமகன் கட்ட வேண்டிய 5 ராத்தல் தங்கம்னா 360 காசு, அதோட பார்த்தா இது சின்னத் தொகைதான், ஆனா ஒண்ணுமில்லாதவன்கிட்ட யாரும் 50 காசு கேக்க மாட்டாங்க. இத்தாலியில பேரரசர் அரசவை இருந்த ராவென்னாவுல உட்கார்ந்து எழுதின குமாஸ்தாவுக்கு ஆப்பிரிக்கக் கிராமம் என்ன தெரியும்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். இருந்தாலும் அந்த ஆளு அவங்களை கொள்ளைக்காரன் லிஸ்ட்ல போடல, குடிமகனுக்குக் கீழ அடிமைக்கு மேல ஒரு படியா போட்டிருக்கான், திட்டவும் இல்ல. கணக்கு எழுதறவனுக்கும் வசவு எழுதறவனுக்கும் ஒரே ஆள் வேற வேற மாதிரி தெரியறான், என் ஆய்வு முழுக்க இந்த இடைவெளியைப் பத்தித்தான்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். 303ல டயோக்ளீஷியன் காலத்துல கிறிஸ்தவங்க மேல அடக்குமுறை வந்தப்போ வேதப் புத்தகங்களை அதிகாரிங்க கையில ஒப்படைச்சுட்டு உயிர் பிழைச்ச குருமார் உண்டு. அடக்குமுறை முடிஞ்சதும் கார்த்தேஜ்ல செசிலியன்னு ஒருத்தரை பிஷப்பாக்கினாங்க, அவருக்கு அபிஷேகம் பண்ணினதுல அப்படி ஒப்படைச்ச ஒருத்தரும் இருந்தாருன்னு சொல்லி ஒரு பெரிய பகுதி ஒத்துக்கல, தனியா பிஷப் வச்சுக்கிட்டாங்க, டோனட்டஸ்ங்கற தலைவர் பேர்ல அந்தப் பக்கம் டோனட்டிஸ்ட் ஆயிடுச்சு. கான்ஸ்டன்டைன் செசிலியன் பக்கம் நின்னாரு. அதுலேர்ந்து நூறு வருஷத்துக்கும் மேல ஒரே ஊர்ல ரெண்டு பிஷப், ரெண்டு கோவில். நுமிடியாவுல, அதாவது இன்னைக்கு அல்ஜீரியாவோட கிழக்குப் பகுதியில, டோனட்டிஸ்ட்டுங்கதான் பலமா இருந்தாங்க. இந்த இறையியல் சண்டைக்குள்ள இன்னும் ஆழமா போகல, என் கேஸ் அது இல்ல.

வண்டியிலேர்ந்து இறங்கின எஜமான்

சர்கம்செல்லியன்களைப் பத்தி நமக்குக் கிடைக்கற பழைய விவரமான சாட்சி மிலேவிஸ் பிஷப் ஒப்டேட்டஸ். 360கள்ல எழுதறாரு, இருபது இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி நடந்ததைச் சொல்றாரு. அவரு கத்தோலிக்கப் பக்கம், அதனால நல்லவிதமா சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவரு. அவரு சொல்ற கதை இதுதான். அக்சிடோ, ஃபாசிர்னு ரெண்டு பேர், தங்களை "பரிசுத்தவான்களோட தளபதிங்க"ன்னு சொல்லிக்கிட்டு ஊர் ஊரா போனாங்க. அவங்க காலத்துல யாரும் தன் சொத்துல நிம்மதியா உட்கார முடியல. கடன் பத்திரத்துக்கு மதிப்பே போயிடுச்சு, கடன் குடுத்த எவனும் வசூலுக்குப் போக முடியல, போனா இவங்ககிட்டேர்ந்து ஒரு கடிதம் வரும், அந்தக் கடிதத்துக்கு எல்லாரும் நடுங்கினாங்க. பத்திரத்தைத் திருப்பிக் குடுக்க லேட் பண்ணினா ஒரு கும்பலே வாசல்ல வந்து நிக்கும். ரோட்ல எஜமான் வண்டியில போய்க்கிட்டு இருப்பான், முன்னாடி அடிமைங்க ஓடிக்கிட்டு இருப்பாங்க, அதுதான் அந்தக் கால வழக்கம். இவங்க வண்டியை நிறுத்தி எஜமானை இறக்கி, அடிமைங்களை அந்த சீட்ல உட்கார வச்சு, எஜமானை முன்னாடி ஓட விட்டாங்க.

ஒப்டேட்டஸ் இதை எழுதறது நமக்கு கோவம் வரணும்னு. எனக்கு வேற ஒண்ணு கண்ணுல படுது. இந்தக் கதையில குடி எங்க, பைத்தியம் எங்க? ஒழுங்கா ஒரு திட்டம் இருக்கு: கடன், அதுக்கப்புறம் ஆண்டான் அடிமை. முதல்ல கடிதம், கேக்கலைன்னாதான் கும்பல். கடிதம் எழுதி அனுப்பற ஒரு கூட்டத்தை வெறி புடிச்ச மந்தைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

அதுக்கப்புறம் ஒப்டேட்டஸ் சொல்ற இன்னொரு டீட்டெயில் இன்னும் முக்கியம். அந்தக் கும்பலை அடக்கச் சொல்லி அதிகாரிக்கு எழுதினது கத்தோலிக்க பிஷப்புங்க இல்ல, டோனட்டிஸ்ட் பிஷப்புங்களேதான். இவங்களை சபையால திருத்த முடியல, நீங்க வந்து பாருங்கன்னு எழுதினாங்க. டவுரினஸ்ங்கற ராணுவத் தளபதி சந்தைங்களுக்கு சிப்பாய்களை அனுப்பினாரு, ஏன்னா சந்தையிலதான் அவங்க சுத்துவாங்க. ஒக்டாவாங்கற இடத்துல நிறைய பேரைக் கொன்னாங்க, தலையை வெட்டினாங்க. செத்தவங்க எத்தனை பேர்னு சுண்ணாம்பு அடிச்ச பீடங்களை எண்ணினா இன்னைக்கும் தெரியும்ங்கறாரு ஒப்டேட்டஸ். அதாவது ஜனங்க அவங்களை தியாகிங்களா நினைச்சு பீடம் கட்டி வச்சிருக்காங்க. கோவிலுக்குள்ள புதைக்க ஆரம்பிச்சதும் அவங்க பிஷப்பே தடுத்து, கிளாரஸ்ங்கற ஒரு குருவை விட்டு புதைச்சதைத் தோண்டி எடுக்க வச்சாரு. கடன் பத்திரம் கிழிபடறப்போ ரெண்டு சபை பிஷப்புங்களும் ஒரே பக்கம் நின்னிருக்காங்க! சபைப் பிளவை மட்டும் வச்சு இந்தக் கேஸைப் படிக்கறவங்க இந்த இடத்தை வேகமா தாண்டிப் போயிடறாங்க.

347ல நிலைமை மாறிச்சு. பேரரசர் அனுப்பின பால், மக்காரியஸ்னு ரெண்டு அதிகாரிங்க ஏழைங்களுக்குக் குடுக்கப் பணத்தோட வந்தாங்க, சபைகளை ஒண்ணாக்கறதுதான் உள்நோக்கம். கார்த்தேஜ்ல டோனட்டஸ் "பேரரசருக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டு அனுப்பிட்டாரு. பகாய் ஊர்ல அங்க இருந்த பிஷப், அவரு பேரும் டோனட்டஸ்தான், பக்கத்து ஊருக்கெல்லாம் சந்தைக்கெல்லாம் ஆள் விட்டு சர்கம்செல்லியன்களைக் கூப்பிட்டாரு, கோவில்ல தானியத்தைக் கொட்டி நிரப்பினாரு. அங்க நடந்த மோதல்ல ராணுவம் நிறைய பேரைக் கொன்னுச்சு. போன வாட்டி பிஷப்புங்க ராணுவத்தைக் கூப்பிட்டு யாரை அடக்கினாங்களோ அவங்களையே இந்த வாட்டி ராணுவத்துக்கு எதிரா கூப்பிட்டாங்க. அப்படிக் கூப்பிட்டப்போ என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கங்கறதையும் ஒப்டேட்டஸ் குறிச்சு வச்சிருக்காரு: அகோனிஸ்டிக்கி, களத்துல போராடறவங்க. பல வருஷம் கழிச்சு அகஸ்டின் காலத்துலயும் டோனட்டிஸ்ட்டுங்க அதைத்தான் சொல்றாங்க, எங்க ஆளுங்க பேரு அது, சர்கம்செல்லியன்ங்கறது நீங்க கேவலப்படுத்த வச்ச பேருன்னு. இதை நமக்குச் சொல்றதும் அகஸ்டின்தான், ஒரு சங்கீதத்துக்கு விளக்கம் சொல்ற பிரசங்கத்துல, பதில் சொல்றதுக்காக எடுத்துப் போட்டிருக்காரு. ஆக இந்த ஆய்வு முழுக்க நான் உபயோகிக்கற பேரே எதிரி வச்ச பேருதான், வேற வழியில்லாம அதையே எழுதறேன்.

அகஸ்டின் சொன்னதுல எது உண்மை

அகஸ்டின் எழுத்துல இவங்க வர்ற இடமெல்லாம் சேர்த்துப் படிச்சா ஒரு படம் கிடைக்கும். தடியை வச்சு அடிப்பாங்க, அந்தத் தடிக்கு "இஸ்ரவேல்"னு பேர். "தேவனுக்குப் புகழ்"னு கத்திக்கிட்டு வருவாங்க, அந்த சத்தத்தைக் கேட்டா சிங்கம் உறுமறதை விட பயம்ங்கறாரு. ராத்திரியும் பகலும் குடி. கல்யாணம் ஆகாத பொம்பளைங்களும் கூடவே கும்பலா சுத்துவாங்க. பாறையிலேர்ந்து குதிச்சு, தண்ணியில விழுந்து தானா செத்துட்டு தியாகின்னு சொல்லிக்குவாங்க. கத்தோலிக்கக் குருமார் கண்ணுல சுண்ணாம்பையும் வினிகரையும் கலந்து ஊத்துவாங்க. போனிஃபேஸ்ங்கற ராணுவ அதிகாரிக்கு 417 வாக்குல எழுதின நீளமான கடிதத்துல மறுபடியும் பழைய விஷயம் வருது: எந்த எஜமான் தன் அடிமையைப் பார்த்து பயப்படாம இருந்தான், கடன் குடுத்த எவன் வசூல் பண்ண முடிஞ்சுது, பத்திரத்தைப் புடுங்கி கடன் வாங்கினவன்கிட்டயே குடுத்துட்டாங்க, நல்ல குடும்பத்துல பொறந்து நல்லாப் படிச்ச பெரியவங்களை அடிச்சுத் தூக்கிட்டுப் போயி மாவு அரைக்கற கல்லுல கட்டி, மாடு சுத்தற மாதிரி சாட்டையால அடிச்சு சுத்த விட்டாங்க.

அந்தக் கல்லைக் கொஞ்சம் கவனிக்கணும். ரோமானிய உலகத்துல மில் கல்லுல கட்டறது அடிமைக்குக் குடுக்கற தண்டனை, சொல்பேச்சு கேக்காத அடிமையை எஜமான் அங்கதான் அனுப்புவான். வண்டிக் கதையில எப்படி எஜமானும் அடிமையும் இடம் மாறினாங்களோ அதேதான் இங்கயும், அடிமைக்கு தினமும் நடக்கறதை ஒரு நாள் எஜமானுக்கு நடத்திக் காட்டியிருக்காங்க. தினமும் அந்தக் கல்லைச் சுத்தினவனைப் பத்தி அந்தக் கடிதத்துல ஒரு வார்த்தை வருத்தமும் இல்ல. அதுல துக்கமே "நல்ல குடும்பத்துல பொறந்தவங்க" சுத்தினதுலதான்.

இப்போ ஒரு விஷயத்தை நேரா சொல்லணும், இல்லைன்னா ஏமாத்தற மாதிரி ஆயிடும். இதெல்லாம் கட்டுக்கதை இல்ல. பகாய் ஊர் கத்தோலிக்க பிஷப் மாக்சிமியனை கோவிலுக்குள்ளயே அடிச்சு, வெட்டி, ராத்திரியில கோபுரத்து மேலேர்ந்து தள்ளி விட்டாங்க, கீழ எருக்குவியல் இருந்ததால உயிர் பிழைச்சாரு, அந்தக் காயத்தோடயே இத்தாலிக்குப் போயி பேரரசர்கிட்ட காட்டினாரு. கலாமா பிஷப் போசிடியஸை ஒரு பண்ணை வீட்டுக்குள்ள வளைச்சு அடிச்சாங்க. அகஸ்டினுக்கே ஒரு வாட்டி வழியில ஆள் போட்டு காத்திருந்தாங்க, கூட்டிட்டுப் போன வழிகாட்டி தப்பான பாதையில போனதால தப்பிச்சாரு. ரெஸ்டிட்யூட்டஸ்ங்கற குருவைக் கொன்னாங்க, இன்னொசென்ஷியஸ்ங்கறவரோட கண்ணைப் புடுங்கி விரலை வெட்டினாங்க. அந்தக் கேஸ்ல புடிபட்டவங்களுக்கு மரண தண்டனை வேண்டாம், கண்ணுக்குக் கண்ணும் வேண்டாம்னு அகஸ்டின் நீதிபதி மார்செலினஸுக்குக் கடிதம் எழுதினாரு, அது அவருக்குப் பெருமைதான். அதே கடிதத்துல, வாக்குமூலம் வாங்க நீங்க உடம்பை இழுக்கற கருவியோ இரும்புக் கொக்கியோ நெருப்போ உபயோகிக்காம வெறும் பிரம்பால அடிச்சு வாங்கினீங்க, வாத்தியாரும் அப்பா அம்மாவும் பலசமயம் பிஷப்புங்களும் செய்யறதுதான் அதுன்னு பாராட்டறாரு. அதுவும் பதிவுல இருக்கு.

வன்முறை நடந்தது உண்மை. டோனட்டிஸ்ட்டுங்க வாயும் சும்மா இல்ல, எதிர்ப் பக்கத்தை மொத்தமா "ஒப்படைச்ச துரோகிங்க"ன்னு நூறு வருஷமா திட்டினாங்க. என் கேள்வி, நடந்ததைச் சொல்ல இவ்ளோ குடியும் பொம்பளையும் பைத்தியமும் எதுக்குத் தேவைப்பட்டுச்சுங்கறதுதான். ஒரு பிஷப்பைக் கோபுரத்துலேர்ந்து தள்ளி விட்டாங்கன்னா அது ஒண்ணே போதுமே.

சிசரோ கிட்ட கத்துக்கிட்ட வசவு

அகஸ்டின் பிஷப் ஆகறதுக்கு முன்னாடி பேச்சுக்கலை வாத்தியார். கார்த்தேஜ்ல பாடம் நடத்தினாரு, ரோம்ல நடத்தினாரு, 384ல மிலான்ல அரசாங்கச் சம்பளத்துல பேராசிரியரானாரு. பத்தொன்பது வயசுல அவரைத் திருப்பிப் போட்டது பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவோட ஒரு நூல், அவரே சொல்லியிருக்காரு. லத்தீன் பள்ளிக்கூடத்துல படிச்ச யாரா இருந்தாலும் சிசரோவை மனப்பாடம் பண்ணாம வெளிய வர முடியாது. அதனால ஜனக்கூட்டத்தைத் திட்டறது எப்படின்னு யாரும் புதுசா யோசிக்கவே வேண்டாம், சிலபஸ்லயே இருந்துச்சு.

கிமு 63 நவம்பர். ரோமோட உச்சப் பதவியான கான்சல்ல இருந்த சிசரோ, ஆட்சியைக் கவிழ்க்க சதி பண்ணின கத்திலினாவோட ஆளுங்களை ரோம் மக்கள் முன்னாடி ஆறு வகையா பிரிச்சுச் சொல்றாரு. முதல் நாலு வகையிலயும் கடன் திரும்பத் திரும்ப வருது: நிலம் இருந்தும் கடன்ல இருக்கறவங்க, கடன்ல மூழ்கியும் பதவிக்கு ஆசைப்படறவங்க, சர்வாதிகாரி சுல்லா காலத்துல நிலம் வாங்கி ஆடம்பரத்துல கெட்டுப்போன பழைய சிப்பாய்ங்க, ரொம்ப நாளா தலை தூக்க முடியாதவங்க. அஞ்சாவது கொலைகாரனுங்க. ஆறாவது வகைக்கு வந்ததும் சிசரோவுக்கு உற்சாகம் பொத்துக்கிட்டு வருது: தலையை வழிச்சு வாரின பசங்க, ஒண்ணு மீசையே முளைக்காதவங்க இல்ல தாடியை அழகா வெட்டினவங்க, கை நீளமா கணுக்கால் வரைக்கும் சட்டை, ரோமானியங்க போர்த்தற டோகாவுக்குப் பதிலா முக்காடு போட்ட மாதிரி துணி, பாடுவாங்க ஆடுவாங்க விஷமும் வைப்பாங்க. இவனுங்க அப்பனைன் மலைக் குளிரை எப்படித் தாங்குவாங்க, விருந்துல அம்மணமா ஆடிப் பழகினதால தாங்கிடுவோம்னு நினைக்கறாங்களோன்னு ஒரு போடு போடறாரு. கூட்டம் சிரிச்சிருக்கும். அப்படிச் சிரிச்ச கூட்டத்துக்கு கிளம்பற நேரம் முதல் நாலு வகை நினைவுல இருந்திருக்குமா என்ன? வேற இடங்கள்ல கத்திலினா ஆளுங்களைக் கப்பல் அடித்தட்டுல தேங்கற சாக்கடைத் தண்ணின்னு சொல்றாரு.

அந்தப் பக்கத்து ஆளுங்க என்ன சொன்னாங்க? இத்தாலியில ஃபேசுலேங்கற ஊர்ல கத்திலினாவுக்காகப் படை திரட்டின மான்லியஸ், எதிர்த்து வந்த தளபதிக்கு அனுப்பின செய்தியை சல்லஸ்ட் தன் வரலாற்றுல குடுக்கறாரு, வாசகம் சல்லஸ்ட் நடையிலதான் இருக்கு ஆனா விஷயம் தெளிவு. நாங்க நாட்டுக்கு எதிரா ஆயுதம் எடுக்கல, அடுத்தவனை ஆபத்துல தள்ளவும் இல்ல, எங்க உடம்பைக் காப்பாத்திக்கத்தான். வட்டிக்காரனோட கொடுமையில ஊரை இழந்தோம், எல்லாரும் பேரையும் சொத்தையும் இழந்தோம். முன்னாடி எங்க கண் முன்னாலயே வெள்ளிக் கடனை செம்புல அடைக்க விட்டாங்களே. அதிகாரமோ பணமோ கேக்கல, விடுதலை கேக்கறோம். இதுல எங்கயும் ஆட்டமும் இல்ல பாட்டும் இல்ல.

பத்தொன்பது வருஷம் கழிச்சு, கிமு 44ல, சிசரோவே மகனுக்கு எழுதின கடமைகள் பத்தின நூல்ல ஒத்துக்கறாரு: என் கான்சல் பதவிக் காலத்துல இருந்த மாதிரி கடன் எப்பவும் இருந்ததில்ல, கடனைக் கட்டாம விடணும்னு அந்த மாதிரி பெரிய முயற்சியும் எப்பவும் நடந்ததில்ல. சண்டை ஓய்ஞ்சப்புறம், கேக்க கூட்டம் இல்லாதப்போ, கடன் கடனாவே திரும்பி வந்துடுச்சு.

சிசரோகிட்ட இன்னொண்ணு பார்க்கணும், கடைக்காரங்க விஷயம். 63 டிசம்பர் 5ம் தேதி செனட்ல பேசறப்போ கடைக்காரங்களைத் தூக்கி வச்சுப் பேசறாரு. கத்திலினா ஆளு ஒருத்தன் கடை கடையா போயி ஆள் புடிக்கப் பார்த்தான், ஒருத்தனும் மசியல, அவனவனுக்கு உட்கார்ற ஸ்டூலும் வேலை செய்யற இடமும் அன்னாடச் சம்பாத்தியமும் முக்கியம், கடையை மூடினாலே வருமானம் போகும்னா எரிஞ்சா என்ன ஆகும்னு. கிமு 57ல நாடு கடத்தல்லேர்ந்து திரும்பி வந்து, இடிச்சுப் போட்ட தன் வீட்டு இடத்துக்காகப் பேசறப்போ அதே கடைக்காரங்க அவரோட அரசியல் எதிரி க்ளோடியஸ் கூலிக்குச் சேர்த்த அடியாளாயிடறாங்க, கடையை மூடச் சொல்லி கூட்டம் சேர்த்தான்னு திட்டறாரு. நடுவுல என்ன நடந்துச்சுன்னா க்ளோடியஸ் 58ல இலவச தானியச் சட்டம் கொண்டு வந்தான், தடை பண்ணியிருந்த தொழிலாளர் சங்கங்களைத் திறந்து விட்டான். நண்பன் அட்டிகஸுக்கு எழுதற கடிதத்துல சிசரோ இன்னும் ஃப்ரீயா பேசுவாரு, ரோம் ஜனங்க கஜானாவை உறிஞ்சற அட்டை, பஞ்சப் பராரிக் கும்பல்னு. அது 61ல, க்ளோடியஸோட சட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே.

இந்த வசவு நேரா சிசரோவிலேர்ந்து பிஷப்புக்குப் போயிடல, நடுவுல கிறிஸ்தவங்க தலையிலயே விழுந்துச்சு. அதுக்கு மாதிரி வரலாற்றாளர் லிவி எழுதின பாக்கனேலியா கதை, அதாவது ஒயின் தெய்வம் பாக்கஸுக்கு ரகசியமா நடத்தின விழாக் கதை, கிமு 186: ராத்திரி, ஒயின், ஆணும் பெண்ணும் கலந்து, ஊருக்குள்ள இன்னொரு ஊர் மாதிரி பெருகிட்ட கும்பல், ஏழாயிரம் பேருக்கு மேல. ஆனா அதே வருஷத்து செனட் தீர்மானம் வெண்கலத் தகட்டுல தென் இத்தாலியில கிடைச்சிருக்கு, அதுல ஆபாசம் ஒரு வரி இல்ல. பொதுப் பணம் வச்சுக்கக்கூடாது, தலைவர் வைக்கக்கூடாது, ஒருத்தருக்கொருத்தர் சத்தியம் பண்ணிக்கக்கூடாது, அனுமதி இல்லாம அஞ்சு பேருக்கு மேல சேரக்கூடாது, அதுலயும் ரெண்டு ஆண் மூணு பெண்தான். செனட்டுக்கு பயம் சங்கத்தைப் பார்த்துத்தான், லிவி சொல்ற கதை படுக்கையைப் பத்தி. அப்புறம் மினூசியஸ் ஃபெலிக்ஸ்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் தன் உரையாடல்ல புறமதத்தான் வாய்ல வைக்கற பேச்சைப் பாருங்க: ஜனத்தோட கடைசி வண்டலிலேர்ந்து படிக்காதவனையும் எளிசா ஏமாறற பொம்பளைங்களையும் சேர்த்து ஒரு சதிக்கூட்டம், வெளிச்சத்துக்கு பயந்து இருட்டுல கூடற இனம். செல்சஸ்ங்கற தத்துவவாதியும் இதையே சொன்னாரு, கம்பளி நூற்கறவன், செருப்பு தைக்கறவன், துணி வெளுக்கறவன் வீட்டுக்குள்ள பசங்களையும் பொம்பளைங்களையும் கெடுக்கறான்னு. வண்டல், பொம்பளை, இருட்டு, சதி, அதே அயிட்டம்தான். இருநூறு வருஷம் கழிச்சு கிறிஸ்தவ பிஷப் கையில அதே மூட்டை, இந்த வாட்டி கிராமத்து கிறிஸ்தவங்க மேல கொட்டறாரு. அகஸ்டின் தெரிஞ்சே காப்பி அடிச்சாருன்னு நான் சொல்லல. படிச்ச லத்தீன்காரனுக்குக் கையில கிடைச்ச ஒரே மொழி அதுதான்னு சொல்றேன், அது அவரைக் குற்றத்திலேர்ந்து விடுவிக்குதான்னா எனக்கு அப்படித் தோணல.

அப்போ அவங்க யாரு

வரலாற்றாளர்கள்ல சிலர் விவசாயிங்க எழுச்சின்னு சொல்லியிருக்காங்க, சிலர் ஒருவகை துறவிக் கூட்டம்னு, இப்போ பலரும் சொல்றது அறுவடைக்கு ஊர் ஊரா போற கூலிக் கும்பல்னு. எனக்கு மூணாவதுதான் சரியா படுது, ஏன்னா வெளிய தெரியற துண்டு துண்டு தகவலெல்லாம் அதுல பொருந்துது. சந்தையில கிடைப்பாங்க, ஏன்னா கூலிக்கு ஆள் புடிக்கற இடம் சந்தை. ஊர் ஊரா அலைவாங்க, தங்க இடம் பண்ணைக் கொட்டடி. வருஷத்துல பாதி நாள் வேலை இருக்காது, அப்போ பார்க்கறவனுக்கு சோம்பேறி. கையில தடி. கும்பலுக்கு ஒரு தலைவன், அவன் மூலமாத்தான் ஒப்பந்தம், அபராதம் வெள்ளியில போட்டாலும் வசூலிக்க ஒரு ஆள் இருக்கான். 412 சட்டத்துல அடிமைக்கு மேல ஏன் வச்சாங்கன்னும் புரியுது, அவங்க யாருக்கும் சொந்தமில்லாத கூலி ஆளுங்க.

அந்த மாதிரி ஆளோட சொந்தக் குரல் ஒண்ணு இருக்கு. டுனீசியாவுல மக்தர்ங்கற ஊர்ல கிடைச்ச கல்வெட்டு, இப்போ பாரிஸ் லூவ்ர்ல இருக்கு, சர்கம்செல்லியன்களுக்கு நூறு வருஷம் போல முந்தினது. செத்தவரே பேசற மாதிரி செய்யுள்ல எழுதியிருக்கு: ஏழை வீட்டுல பொறந்தேன், பன்னெண்டு அறுவடை கொளுத்தற வெயில்ல அறுத்தேன், அப்புறம் பதினோரு வருஷம் அறுப்புக் கும்பலுக்குத் தலைவனா நுமிடியா வயல்களுக்கு ஆள் கூட்டிட்டுப் போனேன், வீடும் நிலமும் வாங்கினேன், ஊர் மன்றத்துல உட்கார்ந்தேன், சின்னக் குடியானவனா இருந்தவன் தணிக்கை அதிகாரியே ஆனேன். அருவாளோட கும்பலா நுமிடியாவுக்குப் போனவனை அவன் கல்லறை உழைப்பாளிங்குது. அந்த ஆளு ஜெயிச்சவன், அதனால கல்வெட்டு இருக்கு. கடன் வாங்கி ஜெயிக்காம போன கும்பல் தலைவனுக்கு யாரு செய்யுள் எழுதுவா?

வசவால யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு பார்த்தா கணக்கு ரொம்ப சுத்தம். மாக்சிமியனோட காயத்தைப் பார்த்தப்புறம் 405ல சபை ஒருமைப்பாட்டுச் சட்டம். 411 ஜூன்ல கார்த்தேஜ்ல ரெண்டு பக்கமும் சேர்ந்து 560க்கு மேல பிஷப்புங்க மார்செலினஸ் முன்னாடி வாதாடினாங்க, டோனட்டிஸ்ட்டுங்க தோத்தாங்கன்னு தீர்ப்பு. அடுத்த ஜனவரில அபராதச் சட்டம். ஆரம்பத்துல கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு இருந்த அகஸ்டின் 408 வாக்குல மனசு மாத்திக்கிட்டாரு, விருந்துக்கு வரச் சொல்லி ஜனங்களைக் கட்டாயப்படுத்துங்கற பைபிள் வசனத்தைக் காரணம் காட்டினாரு. மில் கல்லும் கிழிஞ்ச பத்திரமும் வர்ற கடிதம் யாருக்கு எழுதினதுன்னு மறுபடி கவனிங்க, கையில படை இருக்கற ஒரு அதிகாரிக்கு, பலாத்காரம் ஏன் சரிங்கற வாதத்துக்கு நடுவுல. அதுல சர்கம்செல்லியன்களைப் பத்தி வர்ற ஒவ்வொரு வரியும் அந்த வாதத்துக்கு முட்டுக் குடுக்குது. அவங்க ஏன் பத்திரத்தைத் தேடிப் போனாங்க, வட்டி எவ்ளோ, கடன் குடுத்தது யாரு, அதுல சபை நிலம் எவ்ளோ, இதெல்லாம் அந்த அதிகாரி கேக்க மாட்டாரு, அதனால எழுத வேண்டியதில்ல.

420 வாக்குல டிம்காட் டோனட்டிஸ்ட் பிஷப் கவுடென்ஷியஸ்கிட்ட கோவிலை ஒப்படைக்கச் சொல்லி டல்சிஷியஸ்ங்கற அரசு அதிகாரி வந்தாரு. கவுடென்ஷியஸ் ஜனங்களோட கோவிலுக்குள்ள போயி உட்கார்ந்துக்கிட்டாரு, பலாத்காரம் பண்ணினா கோவிலோட எங்களையும் எரிச்சுக்குவோம், தேவன் விரும்பற வரைக்கும் இங்க உயிரோட இருப்போம் இல்ல இங்கயே முடிஞ்சு போவோம்னு அதிகாரிக்கு ரெண்டு கடிதம் எழுதினாரு. டல்சிஷியஸ் அதை அகஸ்டினுக்கு அனுப்பி பதில் எழுதித் தரச் சொன்னாரு. அந்தப் பதில்ல வரிக்கு வரி எடுத்துப் போட்டு மறுத்ததாலதான் கவுடென்ஷியஸோட கடிதம் இன்னைக்கு நமக்குப் படிக்கக் கிடைக்குது. வேலைவெட்டி இல்லாத கூட்டம், சோத்துக்கு அறைகளைச் சுத்தற கூட்டம்ங்கற அந்த விளக்கமும் அதே பதில்லதான் வருது, முதல் புத்தகத்துல.